பசுபதிக்குப் பின்னால் ஒரு குழி

இந்தக் கதையை நம்பிராஜன் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொல்லவில்லை. முதலில் அறுபத்தாறாம் வருஷத்துச் சிவராத்திரி என்றார். பிறகு அறுபத்தேழு என்றார். பேச்சுக்கு நடுவே அவர் நெடுநேரம் மௌனமாகிவிடுவார். அந்த மௌனங்களில் நானாக எதையெல்லாம் இட்டு நிரப்பிக்கொண்டேன் என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மலைமேல் பூதத்தான் பனியைக் கையில் அள்ளினான் என்பது அவர் சொன்னது. அதை வாயில் போட்டுக்கொண்டான் என்பது நான் சேர்த்ததாக இருக்கலாம். ஆனால் ஒரு சாமியார் கேள்வி கேட்டார் என்பதிலும், கேட்டதற்கெல்லாம் நம்பிராஜன் ஒரே பதிலைச் சொன்னார் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த இடத்தில் மட்டும் இரண்டு தடவையும் வார்த்தை மாறவில்லை.

அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதனால் இனி அவன் என்றே சொல்கிறேன்.

செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கில் நம்பிராஜனுக்கு வேலை. தாராவியில், கோலி என்று அங்கே சொல்லும் ஒற்றை அறை வீடு ஒன்றில் தனியாக இருந்தான். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் பூதத்தானும் அவன் மனைவி பேராச்சியும் சின்ன மகள் தங்கமயிலும் குடியிருந்தார்கள். நம்பிராஜனும் பூதத்தானும் திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரே ஊர்; பம்பாய்க்கு ஒரே வண்டியில் ஏறி வந்தவர்கள். பூதத்தான் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை செய்தான். நெஞ்சில் எந்நேரமும் ஓர் இழுப்பு. தகரத்துக்கு அப்பால் அவன் இருமுவதைக் கேட்டுக்கொண்டேதான் நம்பிராஜன் புத்தகம் படிப்பான்.

நேபாளப் பேச்சைக் கொண்டுவந்தவள் பேராச்சி. அவள் மாதுங்காவில் சங்கரநாராயணன் என்ற ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரியின் வீட்டில் பாத்திரம் தேய்த்து, மாவரைத்துக் கொடுத்துவந்தாள். அவரும் அவர் மனைவி பாகீரதியம்மாளும் சிவராத்திரிக்குப் பசுபதி கோவிலுக்குப் போகிறார்கள், பாட்னாவிலிருந்து ஆகாய விமானமாம், வேறு தேசமாம், ஆனால் பாஸ்போர்ட் வேண்டாமாம் என்று ஒருநாள் சாயங்காலம் சொன்னாள்.

சோடாக் கடை தங்கபாண்டி அதைப் பிடித்துக்கொண்டான்.

"ஏல, பாஸ்போர்ட் கேக்காத ஃபாரின் ஒண்ணு இருக்குன்னா அது நமக்குன்னே ஒதுக்கி வச்சதுல்லா? குவைத்துக்குப் போய்ட்டு வந்தவன்லாம் சென்ட்டு அடிச்சிக்கிட்டு என் கடை முன்னால நின்னு, இது என்ன தண்ணின்னு கேக்கான். நாளப்பின்ன நானும் சொல்லணும், நான் ஃபாரின்ல குடிச்ச தண்ணி இப்படி இருக்காதுன்னு."

"அய்யரு ஏரோப்ளேன்ல போறாரு. நீ என்னத்துல போவ?" என்றான் பூதத்தான்.

"எல்லைல ரக்ஸௌல்னு ஒரு ஊரு, அது வரைக்கும் ரயிலு. அதுக்கு மேல லாரி. மூட்ட மேல உக்காந்தா பாதிச் சார்ஜிதாம்ல. ஸ்டவ்வும் அரிசியும் நம்ம கைல. புளிக்காய்ச்சல் பேராச்சி குடுப்பா. பொறவு என்ன செலவு?"

பூதத்தான் தயக்கமாகக் கேட்டான். "அங்கன பனி மலை உண்டும்லா?"

"உண்டுமாவா? அதத் தவிர வேற ஒண்ணுமே கெடையாதாம்."

அதுவரை எதற்கும் ஆசைப்பட்டு நம்பிராஜன் பார்த்திராத பூதத்தான், தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். சுண்ணாம்பு தின்று நகக்கண்கள் வெடித்த கைகள். "வெள்ளையா, ஒரு வாடையும் இல்லாம இருக்குமாம். ஒரு தடவ பாக்கணும்ல" என்றான்.

புறப்படுவதற்கு முன் பேராச்சி நம்பிராஜனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணாச்சி, அவிய நெஞ்சு நல்லால்ல. நீய கூடப் போறீயன்னுதான் விடுதேன். தங்கபாண்டியண்ணாச்சிய நம்பி ஒரு ஆட்டுக்குட்டியக்கூட அனுப்ப மாட்டேன்."

"கூட்டிட்டு வந்துருதேன் பேராச்சி" என்றான்.

காசி போய்ச் சேரும்வரை தங்கபாண்டி வாயை மூடவில்லை. அதற்கப்பால் பீகாரில் ஜன்னலுக்கு வெளியே காய்ந்த வயல்களே வந்துகொண்டிருந்தன. ஸ்டேஷன்களில் ஜனங்கள் எதையும் விற்காமல், எதற்கும் ஏறாமல், வெறுமே வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேராச்சி கட்டிக்கொடுத்த சோற்றைப் பிரிக்க மூவருக்கும் கை வரவில்லை. வண்டி நகர்ந்த பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

எல்லை என்பது ஒரு சின்னப் பாலம். இந்தப் பக்கம் பீடிக் கடை, அந்தப் பக்கமும் பீடிக் கடை.

"இதாம்ல ஃபாரினா?" என்று பூதத்தான் கேட்டான். "நம்ம கும்பார்வாடா கணக்கால்லா இருக்கு?"

"மெதுவாப் பேசுல. ஃபாரின்காரன் காதுல விழுந்துரப்போவுது."

பூதத்தான் பாலத்தின் நடுவில் காலை அகட்டி நின்றான். "எய்யா நம்பி, பாத்துக்கோ. ஒரு காலு இந்தியா, ஒரு காலு ஃபாரின்." நின்றபடியே இருமினான். இருமி முடித்துவிட்டு மறுபடியும் சிரித்தான்.

லாரி நெல் மூட்டை ஏற்றியது. மேலே இவர்களோடு இன்னும் சிலர். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. மத்தியானத்துக்கு மேல் வெயில் போய்விட்டது. உச்சிக் கணவாயில் லாரியை நிறுத்தி டிரைவர் தேநீர் குடிக்கப் போனான். பாதையோரம் அழுக்கான, மிதிபட்ட பனி கொஞ்சம் கிடந்தது. நம்பிராஜன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூட்டைமேலேயே இருந்தான். பூதத்தான் இறங்கிப் போய்ச் சரிவில் மிதிபடாத இடமாகப் பார்த்துக் குனிந்தான். இரண்டு கையாலும் அள்ளி மோந்து பார்த்தான்.

"ஒரு வாடையும் இல்லல!" என்று மேலே பார்த்துக் கத்தினான். வாயில் போட்டுக்கொண்டான்.

அங்கிருந்து இறங்கும்போதே அவனுக்கு நடுக்கம் கண்டுவிட்டது. மூவரின் போர்வையையும் அவன்மேல் போட்டுத் தங்கபாண்டி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பசுபதி கோவிலுக்குப் பக்கத்துத் தர்மசாலையில் இடம் கிடைத்தபோது காய்ச்சல் அனலாக இருந்தது. ஒரு டாக்டர் வந்து ஊசி போட்டார். ஏற்கெனவே கெட்டுப்போன நெஞ்சு, நீர் கோத்துவிட்டது என்றார். கிடந்தபடியே கோவிலின் பொன் கூரையைப் பார்க்கிற மாதிரி பூதத்தானை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அவன் கூரையைப் பார்க்கவில்லை. தன் கையையே மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். சிவராத்திரிக்கு முந்தைய நாள் காலையில், தங்கபாண்டி கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, செத்துப்போனான்.

தர்மசாலைக் காவல்காரன் கெட்டவன் இல்லை. யாத்ரீகர்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள், பிணத்தை வைத்திருக்க முடியாது. ஆற்றங்கரைக்குக் கொண்டுபோங்கள், பசுபதியின் காலடியில் எரிகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றான். தங்கபாண்டி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினான்.

நம்பிராஜன் மட்டும் எழுந்திருக்கவில்லை. "எரிக்க வேண்டாம்ல" என்றான்.

அவர்கள் வழக்கத்தில் எரிப்பதில்லை. புதைப்பதுதான். எரிப்பது கெட்ட சாவு செத்தவர்களைத்தான்: தூக்கில் தொங்கியவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவார்களோ என்று சனங்கள் பயந்தவர்கள். நல்ல சாவென்றால் மண், மறுநாள் அந்த மண்ணில் பால். தாராவியில்கூட, கையில் ஒன்றும் இல்லாத வீட்டில்கூட, அதை யாரும் விட்டதில்லை. பூதத்தானை எரித்தோம் என்று பேராச்சியிடம் எப்படிச் சொல்வது? உன் புருஷனை வீட்டுக்கு வரக்கூடாதவனாக ஆக்கிவிட்டு வந்தோம் என்று சொல்வதுபோலத்தானே? உயிரோடு கூட்டிவருவேன் என்று சொன்ன வாக்கு போய்விட்டது. மண்ணிலாவது வைத்தோம் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நம்பிராஜனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"ஊரு விட்டு ஊரு வந்த எடத்துல வழக்கமென்னல வழக்கம்?" என்றான் தங்கபாண்டி. "எரிச்சிருவோம். எலும்ப ஒரு பானைல கட்டிக்கிட்டுப் போவோம். அவ கைல குடுக்க எதாச்சும் வேணும்லா?"

"நீ அவகிட்ட எரிச்சோம்னு சொல்லுவியா?"

தங்கபாண்டி மறுபடியும் கீழே உட்கார்ந்தான்.

மண்ணுக்கு இடம் உண்டா என்று நம்பிராஜன் காவல்காரனிடம் தன் பம்பாய் இந்தியில் கேட்டான். இந்த ஊரில் மண்ணில் வைப்பது குழந்தைகளையும் சன்னியாசிகளையும்தான் என்றான் காவல்காரன். ஆற்றுக்கு அக்கரையில், கோவிலுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே சாமியார் மடம் ஒன்று இருக்கிறது, அவர்கள் தங்கள் ஆட்களை அங்கே வைக்கிறார்கள்.

நம்பிராஜன் வெகுநேரம் பூதத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து அக்கரைக்குப் போனான்.

மடத்துப் பெரியவர் கிழவர். உடம்பெல்லாம் விபூதி. சாவைப் பற்றிச் சொன்னதும் பரிவாகத்தான் கேட்டார். "சன்னியாசியா?" நம்பிராஜன் ஆமாம் என்று தலையசைத்தான். தெற்கே எந்த மடம் என்று கேட்டார். மடமில்லை, தானாகப் புறப்பட்டவர் என்றான். பெரியவர் அவனை உற்றுப் பார்த்தார். வீடு வாசலை விட்டுவந்த எத்தனையோ பேரைப் பார்த்த கண்.

"தாய் உண்டா?"

"கோயி நஹீ."

"மனைவி?"

"கோயி நஹீ."

"பிள்ளை?"

"கோயி நஹீ" என்றான் நம்பிராஜன். யாருமில்லை.

பின்னாலேயே வந்திருந்த தங்கபாண்டி வாசலில் நின்று இதைக் கேட்டான். இந்தி அவனுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே வரவில்லை. பெரியவரின் சீடர்கள் காவித்துணியும் உப்பும் எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது அவன் நம்பிராஜனின் தோளைப் பிடித்து இழுத்தான்.

"ஏல, தங்கமயிலு இல்லையால? பேராச்சி இல்லையா? ஒரு வார்த்தைல எல்லாரையும் கொன்னுட்டியேல."

"அவன மண்ணுல வைக்கணும்."

"வை. வச்சிட்டு ஊர்ல போயி நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

சன்னியாசியைப் படுக்கவைத்துப் புதைப்பதில்லை, உட்காரவைத்துத்தான் புதைக்க வேண்டும் என்பது நம்பிராஜனுக்குத் தெரியாது. சீடர்கள் தர்மசாலைக்கு வந்து தலையை மழித்தார்கள், மீசையை எடுத்தார்கள், விபூதி பூசினார்கள். கால்களை மடக்க வேண்டியிருந்தது. உடம்பு விறைக்கத் தொடங்கியிருந்தது. அவர்கள் நம்பிராஜனைப் பார்த்தார்கள். அவன்தான் முழங்காலில் கையை வைத்து அழுத்தினான். கொஞ்சம் அழுத்தினால் போதாதென்று உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்தான். அப்போது கேட்ட சத்தத்தைப் பற்றிச் சொல்லவந்து இரண்டு தடவையும் அவர் நிறுத்திக்கொண்டார்.

காவி உடுத்தி, சாமந்தி மாலை போட்டு, ஒரு மரநாற்காலியில் பூதத்தானை உட்காரவைத்து, சாயாமல் இருக்க மார்போடு ஒரு துணியைக் கட்டித் தூக்கினார்கள். சங்கு ஊதினார்கள். பாலத்தின்மீது யாத்ரீகர்கள் ஒதுங்கி வழிவிட்டுக் கும்பிட்டார்கள். அக்கரைப் படிக்கட்டில் சங்கரநாராயணனையும் பாகீரதியம்மாளையும் நம்பிராஜன் கண்டான். தினமும் சாயங்காலம் பேராச்சியைக் கூட்டிப்போக மாதுங்காவுக்கு வரும் பூதத்தானை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சங்கரநாராயணன் திகைத்து நின்று, பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். செத்தவனைக் கும்பிடுகிறார் என்று நம்பிராஜன் நினைத்தான். கூட்டம் நடுவில் நகர்ந்தது. அவர்கள் மறைந்துவிட்டார்கள்.

மரங்களுக்கு நடுவே வட்டமாக ஒரு குழி. உட்காரவைத்துக் கழுத்துவரை உப்பைக் கொட்டி, அதன்மேல் மண்ணைத் தள்ளினார்கள்.

மறுநாள் செம்பில் பால் வாங்கிக்கொண்டு நம்பிராஜன் அங்கே போனான். ஒரு சீடன் கையை நீட்டித் தடுத்தான். சன்னியாசிக்குப் பால் கிடையாது, அவன் தனக்கு வேண்டிய காரியங்களைத் தானே முடித்துவிட்டுத்தான் வீட்டை விட்டுப் புறப்படுகிறான் என்றான். பிறகு சந்தேகத்தோடு கேட்டான்: "நீ அவருக்கு யார்?"

நம்பிராஜன் சொன்னான்: "வழியில் கூட வந்தவன்."

பாலை ஆற்றங்கரையில் ஊற்றிவிட்டு வந்தான். சிவராத்திரிக் கூட்டம் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. கோவிலுக்குள் அவனும் போகவில்லை, தங்கபாண்டியும் போகவில்லை.

தந்தி அடிக்கலாம் என்று தங்கபாண்டி சொன்னான். படிக்கத் தெரியாத பேராச்சி காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோலி கோலியாக ஏறி இறங்குவது நம்பிராஜனின் கண்முன் வந்தது. வேண்டாம், நேரில் சொல்கிறேன் என்றான். மலையில் எங்கோ சரிந்து பாதை அடைபட்டிருந்தது. லாரிகள் நாள்கணக்கில் நின்றன. சங்கரநாராயணன் ஆகாய விமானத்தில் வந்து, மாதுங்காவில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பேராச்சியைக் கூப்பிட்டுச் சொன்னபோது இவர்கள் இன்னும் எல்லையைத் தாண்டியிருக்கவில்லை.

தாராவிக்குள் நுழைந்ததும் நம்பிராஜனுக்கு எதுவோ சரியில்லை என்று தெரிந்தது. யாரும் அழுதுகொண்டு எதிரே வரவில்லை. பொம்பளைகள் வாசலில் நின்று அவனை வெறுப்பாகப் பார்த்தார்கள். பேராச்சி கோலிக்குள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது.

"கூட்டிட்டு வாரேன்னு சொன்னீயளே அண்ணாச்சி" என்றாள். "சாமியாரா ஆக்கிவிட்டுட்டு வந்துருக்கீய?"

"யாரு சொன்னா? பேராச்சி... பூதத்தான் செத்துப்போய்ட்டான், பேராச்சி."

"அய்யரு கண்ணால பாத்துருக்காரு. மொட்ட அடிச்சி, காவி கட்டி, மாலை போட்டு, நாற்காலில உக்காந்து போனாவளாம். 'அழாதேடி பேராச்சி, கோடியில ஒருத்தனுக்குத்தான் இந்த வைராக்கியம் வரும், அவனைப் புருஷனா அடைஞ்சியே, நீ புண்ணியம் பண்ணவ'ன்னு அம்மா என் காலத் தொட வந்தாவ."

"அது பொணம். பொணத்தத்தான் உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போனோம்."

"பொணத்துக்கு எதுக்குக் காவி? பொணத்துக்கு எதுக்குச் சங்கு?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பனி, காய்ச்சல், ஊசி, கஞ்சி, குழி. எரிக்கக் கூடாதென்று மண் தேடியதைச் சொன்னான். மண் கிடைக்கப் பொய் சொன்னதைச் சொன்னான். தங்கபாண்டி வாசலில் சுவரைப் பார்த்து நின்று அழுதான். பேராச்சி கடைசிவரைக்கும் கேட்டாள்.

"செத்துட்டாவன்னா எலும்பக் காட்டுங்க."

"மண்ணுல வச்சதுக்கு எலும்பு ஏது பேராச்சி?"

"பால் ஊத்தினீயளா?"

விடவில்லை என்றான் நம்பிராஜன்.

பேராச்சி முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு ஆருமில்லன்னு சொன்னது நீயளா, அவியளா?"

"நாந்தான் சொன்னேன். சத்தியமா நாந்தான்."

"சிநேகிதன விட்டுக்குடுக்க மாட்டீய. சின்னப்புள்ளைலேருந்தே அப்படித்தான்" என்றாள் பேராச்சி. "அவிய சொல்லிருக்காவ. அந்தக் கெடங்கு நாத்தத்துலயும் இந்தக் கோலியிலயும் கெடந்து போதும்னு ஆயிருக்கும். வாடையில்லாத எடத்தப் பாத்ததும் இருந்துக்கிடணும்னு தோணியிருக்கும். போட்டும். எனக்கு ஒண்ணுமில்ல." தங்கமயிலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "எப்பவாச்சும் வந்தாவன்னா சோறு போடுவேன். அவ்வளவுதான்."

அதற்குமேல் அவன் எத்தனை சொல்லியும் அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சங்கரநாராயணனிடம் போய் உண்மையைச் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர் வேர்த்துக் கொட்டியபடி கோலி வாசலில் நின்று, "நான் பார்த்தது சவம்தாண்டியம்மா, தெரியாமச் சொல்லிட்டேன்" என்றார். பேராச்சி எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டாள். அண்ணாச்சி இவரையும் சொல்ல வைத்துவிட்டார் என்று பக்கத்துக் கோலியில் பிறகு சொன்னாளாம்.

பேராச்சி தாலியைக் கழற்றவில்லை. சிவராத்திரிதோறும் உல்லாஸ்நகருக்கு அப்பால் அம்பர்நாத் சிவன் கோவிலுக்குப் போய், அங்கே கூடும் சாமியார்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வருவாள். எண்பத்து மூன்றில் மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். குங்குமத்தோடுதான் அவளைப் புதைத்தார்கள். தங்கமயில் வடாலாவில் ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகள் பெற்றாள். அப்பாவைப் பற்றி அவள் பேசுவதில்லை. தங்கபாண்டி சோடாக் கடையை விற்றுவிட்டு உல்லாஸ்நகருக்குப் போய்த் துணி வியாபாரம் செய்தான். நன்றாகவே இருந்தான். நம்பிராஜனோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். சங்கரநாராயணன் அடுத்த வருஷமே பக்கவாதத்தில் விழுந்து, ஓரிரு ஆண்டுகள் கிடந்து காலமானார். பாகீரதியம்மாள் மகனோடு டெல்லிக்குப் போனாள். நம்பிராஜன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை தனியாக நேபாளம் போனார். மடம் இருந்தது. பெரியவர் இல்லை. மரங்களுக்கு நடுவே எந்த இடம் என்று அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து செம்பூரில் ஒரு வாடகை அறையில் சில காலம் இருந்தார். அவரை மின்சாரச் சுடுகாட்டில் எரித்தோம்.